அண்ணனுக்கு, அம்மாவின் படத்தைப் பற்றி

அண்ணே,

வருஷத் திதிக்குள் அந்தப் படத்தில் முகத்தை வரைந்து முடி, இல்லையென்றால் சுவரிலிருந்து இறக்கு என்று சொல்லியிருந்தாய். இரண்டையும் நான் செய்யப் போவதில்லை. போனில் சொல்லியிருக்கலாம். நீ குரலை உயர்த்தினால் எனக்கு அழுகை வந்துவிடும், நான் அழுதால் நீ போனை வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரறிய எழுதுகிறாளே என்று உனக்குக் கோபம் வரும். குடும்ப குரூப்பில் நீ போட்டதும் சொந்தபந்தம் அத்தனையும் படித்ததுதானே. "பிச்சைக்காரி மாதிரி கிழிஞ்ச ஸ்வெட்டரோட அம்மாவை வரைஞ்சு வச்சிருக்கா. மூஞ்சியே இல்லாத படத்துக்கு யாரு மாலை போடுவா?"

அந்த மெரூன் ஸ்வெட்டர் உன்னுடையது, அண்ணே. ப்ளஸ் டூ முடித்து நீ கீழே கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன வருஷம் அம்மா அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வலது முழங்கையில் பச்சை நூல் தெரிகிறதே, மெரூன் நூல் கிடைக்காமல் அவளே தைத்தது. நான் வாங்கிக் கொடுத்த புது ஸ்வெட்டர் கடைசிவரை டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் வரையும்போது கை உன் ஸ்வெட்டருக்குத்தான் போனது.

படத்தில் இருப்பது 2006, குறிஞ்சி பூத்த வருஷம். கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயில். (மற்றவர்களுக்காக: சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் 1936-இல் கட்டிய முருகன் கோயில். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து கீழே பழனி மலை தெரியும்.) பூம்பாறையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மேகம் இறங்கிவிட்டது. பழனியைக் காட்டுவதாகப் பிள்ளைகளைத் தூக்கி வந்தவர்கள் எல்லாம் சலித்துக்கொண்டு திரும்பினார்கள். நீ சுவரில் உட்கார்ந்து பேரிக்காய் கடித்துக்கொண்டிருந்தாய். அம்மா மட்டும் பழனி இருக்கும் திசை பார்த்துத் தலைக்கு மேல் கைகூப்பினாள்.

"எதைம்மா கும்பிடுற? ஒண்ணுமே தெரியலையே" என்று நீதான் சிரித்தாய்.

அவள் திரும்பவில்லை. "மூட்டம் போட்டா மலை எந்திரிச்சா போயிரும்?"

அப்புறம் வெகுநேரம் அப்படியே நின்றாள். ஸ்வெட்டர் இழைகளின் நுனியில் ஈரம் துளித்துளியாகக் கோத்துக்கொண்டது. கூப்பிய கையில் பெருவிரல் நுனி தோல் உரிந்து வெந்திருந்தது, வாரம் முழுக்கப் பூண்டு உரித்த கை. நான் பின்னால் நின்றேன். அப்போது அவள் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை. பார்க்காததை எப்படி வரைவது?

அம்மா போன பிறகு விளக்கேற்ற எனக்குக் கை வரவில்லை. ஏற்றினால் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. வரைய உட்கார்ந்தபோதுதான் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. அம்மா அன்றைக்கு எதைப் பார்த்தாள்? மலையை வரைந்தால் பொய், அன்று மலை தெரியவில்லை. வெறும் மூட்டத்தை வரைந்தாலும் பொய், அவளுக்கு அங்கே பழனி இருந்தது.

வாட்டர்கலரில் வெள்ளைக்கென்று நான் பெயின்ட் தொடுவதில்லை. பேப்பர்தான் வெள்ளை. எந்த இடத்தில் கை வைக்கக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பேப்பரை நல்ல தண்ணீரில் நனைத்து, மினுமினுப்பு அடங்கும் நேரம் பார்த்துச் சாம்பல் நீலத்தைத் தொட்டால் அது ஓரமில்லாமல் பரவும். முந்தினால் ஓடிவிடும், பிந்தினால் கோடு விழும். நம் ஊர் ஈரத்தில் அந்த நேரத்துக்காக உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டும். எத்தனை தாள் வீணாயிற்று என்று எண்ணவில்லை. ஆனால் அந்த உட்கார்தலில்தான் அம்மாவோடு பேச முடிந்தது. உன் பூஜை அறையை நான் குறை சொல்லவில்லை. எனக்கு வாய்த்தது இது.

கடைசியில் பென்சிலில் பழனி மலையையும் மேலே கோபுரத்தையும் மெல்லிசாகப் போட்டேன். அதன் மேல்தான் மூட்டத்தை இறக்கினேன். போன் போட்டோவில் அது விழாது. நேரில் படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தால் தெரியும். நீ நேரில் பார்க்காமலேதான் பேசினாய்.

உன் கல்யாண ஆல்பத்தில் நகையும் பட்டுமாக இருக்கும் முகத்தை வரையச் சொல்கிறாய். அந்த நகை யாருடையது என்பது உனக்கும் எனக்கும் தெரியும், இங்கே வேண்டாம். பழனியில் சாயரட்சைக்கு ராஜ அலங்காரம். அம்மா அதற்காக ஒருநாளும் காத்திருந்ததில்லை. கோவணமும் தண்டமுமாக ஆண்டிக் கோலத்தில் பார்த்தால்தான் அவளுக்குப் படியேறினது போல இருக்கும். அவளை ஸ்வெட்டரோடு வரைந்தது எந்த விதத்தில் குறைச்சல்? மாலை போட முகம்தான் வேண்டுமென்றால் சிவலிங்கத்துக்கு நாம் போடுவது எதைப் பார்த்து?

இவ்வளவு நியாயம் பேசுகிறேனே, முகம் வரைய ஒரே ஒருமுறை கை வைத்தேன். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்த முகம்தான் வந்தது. அந்த முகத்தை நீ பார்க்கவில்லை. நீ பணம் அனுப்பினாய், தேதி தவறாமல் அனுப்பினாய், அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் ராத்திரியில் "பெரியவன் வந்துட்டானா" என்று கேட்டவளுக்கு நான்தான் பதில் சொன்னேன், அண்ணே. வழியில் இருக்கிறான் என்று சொன்னேன். அதை வைத்து உன்னைக் குத்த வேண்டுமென்று இல்லை. குத்தாமல் எழுதவும் முடியவில்லை.

உன்னைக் கேட்காமல் நடுவீட்டில் மாட்டியது உனக்கு வலித்திருக்கும். அதற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாயா என்பது வேறு.

2030-இல் குறிஞ்சி பூக்கும்போது கூட வருவதாக அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். உன்னிடமும் சொல்லியிருப்பாள்.

திதிக்கு முதல்நாளே அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. ஆல்பத்துப் படத்தை ஃப்ரேம் போட்டு எடுத்து வா, பக்கத்திலேயே மாட்டுவோம், எனக்கு மறுப்பில்லை. வத்தலகுண்டில் மாலை வாங்கும்போது இரண்டாக வாங்கு. சம்பங்கி வேண்டாம், அந்த வாசனைக்குத் தலை வலிக்கும் என்பாள். செவ்வந்தி போதும்.

உன் தங்கை