நுரையீரலில் பரவினாலும் குணமாகும் புற்றுநோய்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது, ஆனால் நுரையீரலுக்குப் பரவிவிட்டால் கைமீறிப் போய்விட்டது என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதியிருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முத்துப்பிள்ளை கர்ப்பத்துக்குப் பிறகு (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் குலை மாதிரி வளர்வதைத்தான் அப்படிச் சொல்வோம்), சில சமயம் கருக்கலைவுக்கோ நல்ல பிரசவத்துக்கோ பிறகும்கூட, அபூர்வமாக வருகிற கோரியோகார்சினோமா என்ற நஞ்சுக்கொடித் திசுப் புற்றுநோய்க்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. பிரசவ வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். அந்த வரியைப் படித்துவிட்டு ஏதாவது ஒரு குடும்பம் சிகிச்சையே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

1956-ல் அமெரிக்காவில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்து இந்த நோயைக் குணப்படுத்தினார்கள் இல்லையா, அந்த நோயாளிகளுக்கே நுரையீரலில் பரவித்தான் இருந்தது!

இன்றும் இதில் யார் தப்புவார் என்பதை மதிப்பெண் போட்டுத்தான் பார்க்கிறார்கள்; மதிப்பெண் கூடக் கூட ஆபத்து அதிகம். நுரையீரலில் பரவியிருந்தால் அந்த இடத்துக்கு மதிப்பெண் 0, கல்லீரலோ மூளையோ என்றால் 4. கர்ப்பத்தில் சுரக்கும், இந்த நோயிலும் ஏறும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் போனால் 4. வயது 40 ஆகிவிட்டால் 1. கட்டியின் அளவு, எத்தனை இடத்தில் பரவியிருக்கிறது, முன்பு கொடுத்த மருந்து கேட்டதா என்பதும் சேரும். மொத்தம் 6 வரை என்றால் பெரும்பாலும் ஒரு மருந்தில் தொடங்குவார்கள், அது கேட்காவிட்டால் மாற்றுவார்கள், கிட்டத்தட்ட எல்லோருமே குணமாகிறார்கள். 7-ம் அதற்கு மேலும் என்றால் பல மருந்துகள் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அப்படியும் அனுபவமுள்ள மருத்துவமனைகளில் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். நிறைய பேர் கருப்பையை இழக்காமல், பிறகு பிள்ளையும் பெறுகிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது காலக்கணக்கு. நோய்க்கு முந்தைய கர்ப்பம் முடிந்து நாலு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் 0, ஒரு வருஷம் தாண்டினால் அதற்கு மட்டுமே 4. அந்தக் கர்ப்பம் முத்துப்பிள்ளை என்றால் 0, நிறைமாதப் பிரசவம் என்றால் 2. பிள்ளை பெற்றவளுக்கு உதிரம் நிற்கவில்லை என்றால் உடம்பு பலவீனம் என்று கஷாயம் வைத்துக் கொடுக்கிறோமே தவிர யாருக்கு இந்தச் சந்தேகம் வருகிறது? மாதம் போகப் போக மதிப்பெண் ஏறிக்கொண்டே இருக்கும்.

முத்துப்பிள்ளை என்று தெரிந்த பெண்களும் சரி, சுத்தம் பண்ணியாச்சு, இனி என்ன என்று ரத்தப் பரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். எச்.சி.ஜி. இயல்புக்கு வரும்வரை வாராவாரம், அப்புறம் மருத்துவர் சொல்லும் மாதங்கள் வரை பார்த்தே ஆக வேண்டும். அதுவரை அடுத்த கர்ப்பமும் கூடாது, ஏனென்றால் கர்ப்பத்திலும் அதே எச்.சி.ஜி. ஏறும், எதனால் ஏறுகிறது என்று தெரியாமல் போய்விடும்.

அடுத்த இதழில் இதைக் கட்டம் கட்டிப் போடுங்கள். பிரசவத்துக்குப் பின் வாரக்கணக்கில் உதிரப்போக்கு நிற்காவிட்டால் எச்.சி.ஜி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்ற வரியை மட்டும் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்