அறிவியல் நாளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மல்லிகா,

உன் மகளுக்கு மதுரையிலேயே வேலை அமைந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா? மறக்காமல் எழுது.

பிப்ரவரி 28 அன்று மாணவிகளிடம் சொல்ல ராமன் விளைவு பற்றிக் கேட்டிருந்தாய். ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் மிகச் சிறு பங்கு மட்டும் நிறம் மாறி வருமே, அதுதான். 1928 கதையை நீயே அழகாகச் சொல்வாய். நான் இங்கே ஆய்வகத்தில் செய்வதை எழுதுகிறேன்.

இரண்டு வைரங்களின் முனைகளுக்கு நடுவே ஓர் எஃகுத் தகடு. அதில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத துளை. துளைக்குள் ஆரஞ்சு நிறக் கரிமப் படிகத் துணுக்கும் மாணிக்கத் துகள் ஒன்றும். திருகாணியை முறுக்க முறுக்க, அழுத்தம் வளிமண்டலத்தைப்போல ஒரு லட்சம் மடங்கைத் தொடும். அமெரிக்காவில் 1950களின் இறுதியில் இந்தக் கருவியை உருவாக்கியவர்களுக்குக் கிடைத்தவை கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்யப்பட்ட வைரங்கள்! இதை அவசியம் சொல், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படிகத்தின் மேல் பச்சை லேசரைப் பாய்ச்சினால் அது ஒளிர ஆரம்பித்துவிடும். ராமன் சிதறலோ கோடி ஒளித்துகளில் ஒன்று என்ற அளவுக்குச் சொற்பம். திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் குரலைத் தேடுவதுபோல் ஆகிவிடுகிறது. அதனால் 785 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசருக்கு வந்தோம். ஒளிர்வு அடங்கியது. ஆனால் அழுத்தம் ஏற ஏறப் படிகம் சிவந்து கறுத்தது. அது உறிஞ்சும் ஒளியும் அகச்சிவப்பை நோக்கி நகர்ந்ததால், ஒளிர்வு திரும்ப வந்துவிட்டது. இப்போது 1064 நானோமீட்டர் லேசர். பச்சை லேசரின் அலைநீளத்தைப்போல இரு மடங்கு என்பதால் சிதறல் பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரு நிறமாலைக்கு (சிதறிய ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) மணிக்கணக்கில் காத்திருக்கிறோம். அதில் ஒவ்வொரு கோடும் ஓர் அதிர்வைக் காட்டும். 1332 செ.மீ⁻¹ (ராமன் நிறமாலையின் அலகு) என்ற இடத்தில் வைரத்தின் சொந்தக் கோடு வேறு, படிக மூலக்கூறுகளின் கார்பன் வளையங்கள் தரும் கோடுகளுக்குப் பக்கத்திலேயே ஓங்கி நிற்கிறது. ஆனாலும் பச்சை லேசரின் பிரகாசத்தைவிட இந்த மங்கல் ஒளியைத்தான் நான் நம்புகிறேன். மூலக்கூறுகள் நெருங்கும்போது பிணைப்புகளின் அதிர்வு மாறுவதை அதில்தான் பார்க்க முடிகிறது.

அழுத்தத்தை அளக்க மட்டும் பச்சை லேசரே வேண்டும். மாணிக்கம் 694.3 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். அழுத்தம் கூடக் கூட அந்தக் கோடு நகரும். எங்களைப் பாடாய்ப் படுத்திய அதே ஒளிர்வுதான் இங்கே அளவுகோல். எனக்கு இதில் தனி ஆசை.

படங்கள் வேண்டுமென்றால் சொல், அனுப்புகிறேன். டிசம்பரில் ஊருக்கு வரும்போது உன் வகுப்புக்கும் வருகிறேன்.

அன்புடன்,
வசந்தா