ஆட்டைத் திவசத்துக்கு நீ வரவேண்டாம்

தம்பிக்கு,

அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு என் மகன் தர்ப்பை போடுவான். மகள் வயிற்றுப் பேரன் செய்யலாம் என்று ஐயர் சொல்லிவிட்டார். இதைப் பொதுவில் எழுதுவது, லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்கள் ஆளுக்காள் உனக்குப் போன் எடுத்து "ஒரேயொரு ஆம்பிளைப் பிள்ளை" என்று தொடங்காமல் இருக்கத்தான். வானூர்திக் கட்டுப்பாட்டாளனாக நீ எந்த விமான நிலையக் கோபுரத்தில் வேலை பழகுகிறாய் என்று எழுதமாட்டேன். யாரும் கேட்கவும் வேண்டாம்.

நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். செவ்வாய் காலை 7 மணிக்கு இரவு டியூட்டி முடியும். செவ்வாய் இரவு பஸ், புதன் காலை திவசம், புதன் இரவு பஸ், வியாழன் காலை 7 மணிக்கு மறுபடி ஹெட்செட். தாளில் இரண்டு நாள் ஓஃப், மணிக்கணக்கில் 48. அதற்குள் இருக்கும் இரவுகள் இரண்டே இரண்டு, இரண்டையும் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டாய். செவ்வாய் பகல் படுப்பாய் என்கிறாய். இரவு விழித்த உடம்பு பகலில் முழு நித்திரை கொள்ளாது, மத்தியானமே எழுப்பிவிடும். இரவு டியூட்டி முடிந்த நாளை ஓஃப் என்று எண்ணுகிறவன் கடன் காசைச் சம்பளம் என்று எண்ணுகிறான். பிரித்தானியாவில் கட்டுப்பாட்டாளர்களுக்கு நெடுங்காலம் இருந்த விதி இது: ஒரு டியூட்டி 10 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, இரண்டு டியூட்டிக்கு இடையில் 12, அடுத்தடுத்து இரண்டு இரவுக்கு மேல் இல்லை, இரவு முடிந்தால் ஓய்வு 54. பயணமே இல்லாமல் வீட்டில் படுத்திருந்தாலும் உன்னுடைய 48 அதற்குக் காணாது.

அந்த 48-ஐயும் நீ மற்றப் பயிலுநரோடு டியூட்டி மாற்றித்தான் எடுக்கிறாய். உன் பயிற்றுநர் மாறவில்லையே! கோபுரத்தில் தனியே வேலைசெய்யத் தேவையான தரநிலைக்கு ஐக்காவோ, அதுதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, கேட்பது, அதே கோபுரத்தில் மேற்பார்வையின் கீழ் 90 மணித்தியாலம் அல்லது ஒரு மாதம், இரண்டில் எது கூடவோ அது. உனக்கென்று ஒதுக்கிய பயிற்றுநர் பின்னால் நின்றால்தான் நீ மைக்கைத் தொடலாம். அவர் இல்லாத இரவில் நீ வெறும் பார்வையாளன். நித்திரையும் போகும், மணித்தியாலமும் ஏறாது. அவரே இருந்தாலும் விடியப்புறம் மூன்று மணிக்கு எத்தனை விமானம் வரும்? பழகவேண்டியது காலை நெரிசலில்.

இன்னொன்று. 2020 நவம்பர் 5 முதல் ஐக்காவோவின் வான் போக்குவரத்துச் சேவை விதிகளான 11ஆம் இணைப்பு, கட்டுப்பாட்டாளர்களின் களைப்புக்கு வரம்பு வைக்கும்படி நாடுகளுக்குச் சொல்கிறது: டியூட்டியின் நீளம், தொடர் வேலைநாட்கள், தொடர் இரவுகள், கதிரையில் இருக்கும் நேரம், இடைவேளை. ரோஸ்டர் போடுகிறவர் அதையெல்லாம் பார்த்துத்தான் போடுகிறார். பிறகு நீயும் மற்றப் பயிலுநரும் வாசலில் நின்று மாற்றிக்கொண்டால், சுவரில் ஒட்டிய ரோஸ்டர் சரியாக இருக்கும், வேலைசெய்த ரோஸ்டர் வரம்பைத் தாண்டியிருக்கும். ஏதும் நடந்தால் விசாரணைக்காரர் இரண்டாவதைத்தான் எடுத்து வைப்பார்.

கீரிமலையில் அப்பாவின் அந்தியேட்டிக் கிரியையன்றும் இப்படித்தான் இரவு டியூட்டி முடித்து ஓடிவந்தாய். ஐயர் சங்கற்பம் சொல்லச் சொல்ல நீயும் சொன்னாய். பிறகு உன் குரல் நின்றது. கையில் இருந்த எள்ளும் தண்ணீரும் வேட்டியில் வழிந்தது. "தம்பி, தம்பி" என்று ஐயர் இரண்டு தரம் கூப்பிட்டார். பின்னாலிருந்து ஒருவர், பெயர் வேண்டாம், அவரும் இதை வாசிப்பார், "குடிச்சிட்டு வந்திட்டான் போலை" என்றார். நீ திடுக்கிட்டு விழித்து, விட்ட இடம் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாய். சின்னனில் பள்ளிக்கூட மேடையில் பாட்டு மறந்து பார்த்த அதே பார்வை. நான் திரும்பி அந்த ஆளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு என்னை மன்னித்துக்கொள். சொல்லியிருந்தால் அப்பாவின் காரியம் அந்த இடத்திலேயே சண்டையாக முடிந்திருக்கும், அம்மா தாங்கியிருக்கமாட்டா.

ஆனால் ஒன்று கேட்கிறேன். திதி நேற்றா தெரிந்தது? பஞ்சாங்கம் சித்திரைக்கே கைக்கு வந்துவிட்டது. அன்றே திகதியைப் படம் எடுத்து அனுப்பினேன், நீ கட்டைவிரல் காட்டினாய். அவ்வளவுதான். பயிலுநர் லீவு கேட்டால் சோம்பேறி என்பார்கள் என்று பயந்து ரோஸ்டர் வரும்வரை வாய் திறக்கவில்லை. நானும் ரோஸ்டர் போட்டவள்தானே. முதலில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் குறைந்தபட்ச ஆட்கள், அடுத்தது பயிற்றுநர்-பயிலுநர் சோடி, பிறகு கேட்டிருக்கும் லீவுகள், கடைசியில் இரவுகள். முன்கூட்டி எழுத்தில் வந்த ஒரு திகதியைப் பொருத்த ஐந்து நிமிடம் போதும். சோடியையே சேர்த்து நகர்த்தலாம். ஒட்டின பிறகு ஒன்றை இழுத்தால் மூன்று பேருடைய வாரம் குலையும். கேட்காதவனை யாரும் மெச்சுவதில்லை. வெற்றிடம் எங்கேயோ அங்கே அவனைப் போடுவார்கள். வாய் திறக்காமல் இருந்தவன் நீ. படையல், ஐயர், அம்மா, வருகிறவர்களின் கதை எல்லாம் என் தலையில். எனக்கும் அவர் அப்பாதான்.

புதன்கிழமை வீட்டில் படு. தடிமன் என்றாய், பார்மசியில் கேட்டு நித்திரை வரும் குளிசை வாங்கிப் போடாதே, இந்த வேலைக்கு உனக்கு மருத்துவச் சான்றிதழ் தந்த வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் போடு. களைப்பு என்றால் டியூட்டி ஏறமுன் பொறுப்பாளரிடம் சொல்.

வருகிற சித்திரையில் திகதியை மறுபடி அனுப்புவேன். கட்டைவிரல் வேண்டாம், நீ எழுதிக் கொடுத்த லீவுக் கடிதத்தின் படத்தை அனுப்பு.

அக்கா