கம்பி மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பங்குச்சந்தைப் பக்கத்தில், அமெரிக்காவில் டி.எஸ்.எல். கம்பெனிகளில் பணம் போட்டு இழந்தவர்களின் கதையைச் சொன்ன உங்கள் கட்டுரையாளர், டி.எஸ்.எல். எனும், தொலைபேசிக் கம்பியில் அதிவேக இணையம் என்பதே அன்று கிளப்பிவிட்ட புரளி என்று போகிற போக்கில் எழுதிவிட்டார். முப்பத்தொரு வருஷம் தொலைபேசிக் கம்பிகளை முறுக்கி இணைக்கும் கேபிள் ஜாயின்டராகக் குழிக்குள் உட்கார்ந்தவன் நான். 2005க்குப் பிறகு அந்தப் புரளியை எத்தனையோ வீடுகளுக்கு என் கையால் இணைத்துக் கொடுத்திருக்கிறேன்.

நார்த்பாயிண்ட், ரிதம்ஸ், கோவாட் என்ற அந்த டி.எஸ்.எல். கம்பெனிகள் மூன்றும் 2001இல் திவால் மனு கொடுத்தது உண்மைதான். அது கடன் வாங்கி எக்ஸ்சேஞ்ச் எக்ஸ்சேஞ்சாகக் கருவி வைத்தவர்களின் கதை. கருவி என்ன பாவம் செய்தது? நாம் பேசும் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே சும்மா கிடந்த இடத்தை, டி.எஸ்.எல்.லில் ஒரு வகையான ஏ.டி.எஸ்.எல். 1,100 கிலோஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தியது. போன் பேசிக்கொண்டே நெட் பார்த்தது அதனால்தான். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீடென்றால் நொடிக்கு 8 மெகாபிட் வேகம் வரை வரும், ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் திணறும். 2000இல் மஸ்கட்டிலிருந்து என் மச்சினன் போன் போட்டு, இந்தக் கருவி செய்கிற கம்பெனிப் பங்கை வாங்கலாமா என்று கேட்டான். கருவி எனக்குத் தெரியாது, கம்பி எப்படி இருக்கு, எவ்வளவு தூரம் போகுது என்று விசாரித்துவிட்டு வாங்கு என்றேன். சிரித்தான். உங்கள் கட்டுரையாளரும் அதே ரகம், வேகத்தைத் தவிர எதையும் கேட்கவில்லை.

கல்குளம் தாலுகாவில் எங்கள் ஊர்ப்பக்கம் வீடுகள் ரப்பர் தோட்டத்துக்குள் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையில் ஜாயின்டில் தண்ணீர் இறங்கினால் போன் கரகரக்கும், ஆனாலும் பேசிவிடலாம். நெட் நின்றுவிடும். உடனே மோடத்தை மாற்று என்று மேலிருந்து உத்தரவு வரும். ஜாயின்ட் போடச் சாமான் கேட்டால் மட்டும் வராது. ஒரு வீட்டில் மூன்று மோடம் மாற்றிய பிறகு, கம்பிகள் பிரிகிற தெருவோரப் பெட்டியான பில்லர் பாக்ஸில் பச்சை பூத்திருந்த கம்பி முனையைச் சுரண்டி முறுக்கினேன். நெட் வந்தது. அந்த வீட்டு அக்கா கட்டன்சாயா தந்தார், வேறு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2017இல் ஒக்கி புயல் வந்து ரப்பர் மரமும் கம்பியும் சேர்ந்து சாய்ந்து கிடந்தபோது நீங்கள் போட்டது வள்ளுவர் சிலைப் படம். எங்கள் மாவட்டம் என்றால் உங்களுக்குச் சூரிய உதயம்தானே. அப்போது எழுதிய கடிதம் வரவே இல்லை. பக்கம் போதவில்லை போலும், ராசிபலனுக்கு மட்டும் மூன்று பக்கம் கிடைத்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் ‘புரளி’ என்ற ஒரு சொல்லைத் திருத்தி, எங்காவது ஒரு மூலையில் போடுங்கள். போன வருஷம் செய்ததுபோல ‘ஜாயின்டர்’ என்பதை ‘இணைப்பாளர்’ ஆக்கிவிடாதீர்கள். அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் ஜாயின்டர்,
கன்னியாகுமரி மாவட்டம்.