இரண்டாவது பெட்டி

அன்புக் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "பயோடெக் எம்.எஸ்சி. படிச்சிட்டு, லேபுக்கு வர்ற சாம்பிள் டப்பாவை எண்ணி, பார்கோடு ஒட்டி, ஃப்ரீசர்ல அடுக்கிட்டு இருக்கேன்மா. இதை யார் வேணா செய்யலாம்" என்றாய். சொல்லும்போதே உன் தொண்டை அடைத்தது. நானோ "சரி விடு கண்ணு, சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிட்டேன். மூன்று நாளாய் அது மனசை அரிக்கிறது. போனில் என்றால் நடுவில் பேரன் வந்து பிடுங்கிக்கொள்வான். அதனால்தான் எழுதுகிறேன்.

2018 ஏப்ரலில் உன் பிரசவத்துக்கு நான் கலிபோர்னியாவில் ரேஞ்சோ கார்டோவா வந்திருந்தேன் அல்லவா? பிள்ளை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். உனக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். 25-ஆம் தேதி, டிவியைப் பார்த்து நீ "அம்மா, இங்க வாங்க" என்று கத்தினாய். முந்தின நாள் சிட்ரஸ் ஹைட்ஸில் 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' என்று பல வருஷமாகத் தேடிய கொலைகாரனை, ஜோசஃப் ஜேம்ஸ் டிஆஞ்சலோ என்ற 72 வயது ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று சாக்ரமெண்டோ ஷெரீஃபும் மாவட்ட அரசு வழக்கறிஞரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீதான் சொன்னாய், நாம் உட்கார்ந்திருக்கும் இதே ரேஞ்சோ கார்டோவாவில்தான் 1976 ஜூனில் அந்த ஆள் ஒரு வீட்டுக்குள் நுழைந்து சாக்ரமெண்டோ பக்கத்துப் பலாத்காரங்களை ஆரம்பித்தான் என்று. நான் எழுந்துபோய்க் கொல்லைப்புறக் கண்ணாடிக் கதவைப் பூட்டினேன். பட்டப்பகல்.

அன்று சாயந்தரம் எதிர் வீட்டு அம்மாள் உன்னிடம் பேசிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறதா? அந்த நாளில் அவர் பள்ளிக்கூடப் பெண்ணாம். அவர் அப்பா ஜன்னல்களுக்கெல்லாம் ஆணி அடித்தாராம். புருஷன் பெண்டாட்டி இருக்கிற வீட்டிலும் நுழைவான், புருஷனைக் கட்டிக் குப்புறப் போட்டு முதுகில் தட்டுகளை அடுக்குவான், தட்டு சத்தம் போட்டால் இருவரையும் கொல்வேன் என்பான் என்று நீ எனக்குத் தமிழில் சொல்லும்போது, அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாஷை தெரியாத என் கையை. எத்தனை வருஷப் பயம் அது. கைது செய்தி வந்த அன்றும் அந்தக் கை நடுங்கியது.

ஊருக்குத் திரும்பிய பிறகும் இந்த வழக்கைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அப்பா கேலி செய்வார். 1974 முதல் 1986 வரை 13 கொலை, ஐம்பதுக்கு மேல் பெண்கள்மேல் பலாத்காரம், நூற்றுக்கு மேல் வீடு புகுந்த திருட்டு. வைசேலியாவில் ஒரு பெயர், சாக்ரமெண்டோவில் ஒரு பெயர், தெற்கே வேறொரு பெயர் என்று ஒரே ஆளை மூன்று பேராக நினைத்துத் தேடியிருக்கிறார்கள். முதல் சில வருஷங்கள் அந்த ஆள் போலீஸ்காரன். எக்ஸிடரிலும் பிறகு ஆபர்னிலும் வேலை. 1979-இல் ஒரு கடையில் சுத்தியலும் நாயை விரட்டும் மருந்தும் திருடி மாட்டிக்கொண்டபோது வேலையை விட்டு நீக்கினார்கள். அப்போதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு பல வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்து, ஓய்வு பெற்று, புல்வெளி வெட்டிக்கொண்டு வாழ்ந்தான்.

எப்படிப் பிடித்தார்கள் என்றால் எல்லோரும் டி.என்.ஏ. என்பார்கள். சொந்தக்காரர்களைத் தேடுவதற்காக மக்கள் தாங்களாகவே தங்கள் டி.என்.ஏ. விவரத்தை ஏற்றிவைக்கிற ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் அவனுடைய தூரத்துச் சொந்தம் சிக்கியது. எள்ளுத்தாத்தாவையும் தாண்டி 1800-களில் வாழ்ந்த முன்னோரிடம் போய், அங்கிருந்து கிளை கிளையாகக் கீழே இறங்கினார்கள். பால் ஹோல்ஸ் என்ற புலனாய்வாளரும், பார்பரா ரே-வென்டர் என்ற வம்சாவளி ஆராய்ச்சியாளரும், எஃப்.பி.ஐ. ஆட்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த குடும்ப மரங்கள். வயசு, ஊர், உருவம் என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துக் கழித்து, கடைசியில் ஒரு பெயர். அவன் கார்க் கதவின் கைப்பிடியைத் துடைத்து எடுத்தார்கள். அது போதாதென்று, வீட்டுக்கு வெளியே வைத்த குப்பையில் ஒரு டிஷ்யூ காகிதத்தையும் எடுத்தார்கள். பொருந்தியது.

ஆனால் கண்ணு, ஒப்பிட்டுப் பார்க்க, குற்றம் செய்த இடத்தில் அவன் விட்டுப்போன உடல் மாதிரி ஒன்று வேண்டுமே. அது எங்கிருந்து வந்தது?

சாக்ரமெண்டோ வழக்குகளின் தடயப் பெட்டிகள் அழிக்கப்பட்டுவிட்டன. பலாத்கார வழக்குக்கு அப்போது இருந்த காலவரம்பு முடிந்துவிட்டது, இனி எதற்கு இடத்தை அடைக்கிறது என்று. வேறு இடங்களில் மிஞ்சியவற்றைத் திரும்பத் திரும்பச் சோதித்து, சுரண்டிச் சுரண்டி, தீர்ந்துபோகும் நிலை. 1980 மார்ச்சில் வென்சுராவில் ஒரு கணவன் மனைவியைக் கொன்றிருந்தான். அங்கே பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவருக்கு ஒரு பழக்கம். எடுக்கிற மாதிரியை ஒரு பெட்டியோடு விடமாட்டார், இரண்டு பெட்டி எடுப்பார். ஒன்று விசாரணைக்குப் போகும். இன்னொன்று குளிரில் கிடக்கும். டி.என்.ஏ.வை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பதே உலகத்துக்குத் தெரியாத வருஷம் அது. எதற்காக என்று தெரியாமலே ஒருவர் எடுத்து, சீல் வைத்து, பெயரும் தேதியும் எழுதி வைத்தார். அந்த இரண்டாவது பெட்டி யார் கையும் படாமல் 37 வருஷம் கிடந்தது. அதைத் திறந்துதான் இவனைப் பிடித்தார்கள்.

அந்தப் பெட்டியை முதலில் வாங்கி அடுக்கியது யாரோ? அவர் வீட்டுக்குப் போய், "இதை யார் வேணா செய்யலாம்" என்றுதான் சொல்லியிருப்பாரோ என்னவோ.

இன்னொன்றும் சொல்கிறேன். அவனைப் பிடிப்பதற்கு முந்தின வருஷம் இதே வம்சாவளித் தேடலில் தவறான ஆளிடம் போய் நின்றார்கள். ஆரிகன் மாநிலத்தில் முதியோர் இல்லத்தில் இருந்த ஒருவர். அவரிடம் மாதிரி எடுத்து ஒப்பிட்டார்கள், பொருந்தவில்லை. ஒப்பிட வைத்திருந்த பழைய மாதிரி கெட்டுப்போயிருந்தால், கலந்துபோயிருந்தால், சாகும்வரை அவர்மேல் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான் உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பிணவறை உதவியாளர் லீவு போட்டால், விசெரா பாட்டிலுக்கு, அதாவது விஷம் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் உள்ளுறுப்புப் பாட்டிலுக்கு, லேபிள் எழுதுவது லேபில் இருந்த நாங்கள்தான். ஒரு நாள் ஒரு சின்னப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். மருந்து குடித்துவிட்டாள் என்றார்கள் புருஷன் வீட்டார். உப்புக் கரைசலில் உறுப்பைப் போட்டு மூடியாயிற்று. உனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்திருந்தது. அவசரத்தில் மசிப் பேனாவால் லேபிளை எழுதி ஒட்டினேன். மூடியையும் இறுக்கிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் கான்ஸ்டபிள் கொண்டுபோகும் வழியில் உப்புத் தண்ணீர் கசிந்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. அடையாளம் தெரியவில்லை என்று தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் அப்பா மூன்று முறை வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. "ரிப்போர்ட் வந்துருச்சுங்களா அம்மணி" என்று என்னிடமே கேட்டார். ஆபீசில் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். நாலாவது முறை அவர் வரவில்லை. என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை என் லேபிளெல்லாம் பென்சிலில்தான், மேலே மெழுகு தேய்த்துத்தான். கூட வேலை செய்தவர்கள் "அக்காவுக்கு லேபிள் பைத்தியம்" என்பார்கள். எதற்கென்று யாருக்கும் சொன்னதில்லை.

2020 ஆகஸ்டில் சாக்ரமெண்டோவில், டிஆஞ்சலோவிடம் சிக்கிய பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மூன்று நாள் அவன் எதிரில் நின்று பேசினார்கள். பலாத்காரத்துக்குத் தனியாக வழக்குப் போடக் காலவரம்பு விடவில்லை. ஆனாலும் கொலைகளை ஒத்துக்கொண்டபோது அவற்றையும் சேர்த்து ஒத்துக்கொண்டான். சக்கர நாற்காலியில், கிழவன்போல வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். சிறையறையில் அவன் சுறுசுறுப்பாக நடமாடும் வீடியோவை அரசு வழக்கறிஞர்கள் காட்டினார்கள். 21-ஆம் தேதி, பரோலே இல்லாத ஆயுள் தண்டனை. நான் இங்கே ராத்திரி கண் விழித்துப் பார்த்தேன். இருபது வயதில் வாய்பொத்தி நின்றவர்கள் அறுபது வயதில் நிமிர்ந்து நின்றார்கள். எனக்கு அந்த மஞ்சள் பைதான் கண்ணில் நின்றது.

வேலையை விடுவதும் இருப்பதும் உன் இஷ்டம் கண்ணு. ஆராய்ச்சிப் பிரிவில் இடம் கிடைத்தால் தாராளமாகப் போ, மாப்பிள்ளையிடமும் கலந்து பேசு. இருக்கிற வரைக்கும் அந்த டப்பாவைக் கையில் எடுக்கும்போது பெயரை ஒரு தரம் வாய்விட்டுப் படித்துவிட்டு ஒட்டு. நான் அப்படித்தான் செய்தேன். ஃப்ரீசர் அறைக்குப் போகும்போது நான் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்.

உங்கள் லேபில் பழைய மாதிரிகளை எத்தனை வருஷம் வைக்கிறார்கள்? யார் சொன்னால் அழிப்பார்கள்? விசாரித்து வை. ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன்.

பேரனுக்கு அம்மாயியின் முத்தம்.

அம்மா