எஞ்சின் பேனல் ஒயரிங் கோளாறு: வாரண்டியில் மாற்றித் தரக் கோரி புகார்

அனுப்புநர்: விசைப்படகு உரிமையாளர், குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

எங்கள் படகின் டீசல் எஞ்சினுக்கு உங்கள் கம்பெனியின் கண்ட்ரோல் பேனலை, ஒயரிங் செட்டோடு சேர்த்து, இந்த வருட மீன்பிடித் தடைக்காலத்தில் வாங்கினோம். மாட்டித் தந்ததும் உங்கள் டீலர் அனுப்பிய ஆள்தான். இந்தப் பக்கம் மேற்குக் கடற்கரைத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது முடிந்ததும் வரும் வாரங்களை நம்பித்தான் டீசலும் ஐஸும் கடனுக்கு எடுக்கிறோம். அந்த வாரங்களில் படகு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது.

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும், செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) எடுக்காது. உங்கள் சர்வீஸ் பிரிவில் போனிலேயே "பேட்டரி போயிருக்கும்" என்று முடித்துவிட்டார்கள். புதுப் பேட்டரி போட்டும் அதேதான். அப்புறம் உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து மீட்டர் வைத்துப் பார்த்தோம். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது பேட்டரியில் 12.3 வோல்ட், செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சாலினாய்டில், சாவியிலிருந்து ஒயர் வரும் சின்ன முனையில் வெறும் 8.4. பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை அந்த முனையில் தொட்டதும் எஞ்சின் உடனே பிடித்தது. ஆக, பேட்டரியும் செல்ஃபும் நன்றாகவே இருக்கின்றன. இடையில் ஒயர்களை இணைக்கும் கப்ளரின் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்தபோது அங்கேயே மூன்று வோல்ட்டுக்கு மேல் விழுந்தது. பிரித்தால் பின்களில் பச்சைக் களிம்பு, ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. ஒயரின் தோலைச் சீவினால் உள்ளே வெறும் செம்பு. கடலுக்குப் போகும் ஒயருக்கு, உப்பு அரிக்காமலிருக்க, வெள்ளீயம் பூச வேண்டும் என்பது எங்கள் ஊர் ஒயரிங் பையனுக்குக்கூடத் தெரியும்.

செல்ஃபைவிட எனக்குப் பயம் தருவது, ஆயில் பிரஷர் இல்லாவிட்டால் கத்தி எச்சரிக்க வேண்டிய ஆயில் பஸ்ஸர். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டால் அது கத்த வேண்டும், கத்துவதில்லை. எஞ்சினில் உள்ள ஆயில் சுவிட்சின் ஒயரைக் கழற்றி எர்த்தில் தொட்டுப் பார்த்தோம், சத்தமில்லை. பேனலுக்குப் பின்னால் பஸ்ஸரின் முனையை எர்த் செய்ததும் அலறியது. கோளாறு அதே கப்ளர் வழியாகப் போகும் ஒயரில்தான். ஆயில் பிரஷர் இறங்கினால் நடுக்கடலில் எஞ்சின் இறுகி நிற்கும்வரை யாருக்கும் தெரியாது. சார்ஜ் லைட்டும் சில நாள் எரிவதில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் எங்கள் டைனமோவுக்கு அந்த லைட் வழியாகத்தான் முதல் கரண்ட் போக வேண்டும். அது போகாத நாளில் பேட்டரியும் ஏறாது.

இந்த அளவுகளையும் படங்களையும் அனுப்பியபின் உங்களிடமிருந்து வந்த பதில்: "உப்புக்காற்று பாதிப்புக்கு வாரண்டி பொருந்தாது." படகு எஞ்சினுக்கென்றே விற்ற பேனலை உப்புக்காற்று படாமல் எங்கே ஓட்டுவது? நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டிலா?

ஒயரிங் செட் முழுவதையும் வெள்ளீயம் பூசிய ஒயரும் தண்ணீர் புகாத கப்ளரும் உள்ளதாக இலவசமாக மாற்றித் தர வேண்டும்; உங்கள் ஆளே வந்து மாட்டி, பஸ்ஸரையும் சார்ஜையும் என் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும். தேவையில்லாமல் வாங்க வைத்த பேட்டரியின் விலையையும் தர வேண்டும், பில் இணைத்திருக்கிறேன். முடியாதென்றால் பேனலை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். 15 நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உருகிய கப்ளரைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
படகு உரிமையாளர்