கோடையில் காய்ந்துபோகும் உரக்குழிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி வளாகத்தின் சுற்றுச்சூழல் வேலைகளுக்கு மாணவர்களையே பயிற்சிப் பணியில் எடுத்துக்கொள்வது நல்ல வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களை எப்போது, எப்படி எடுக்கிறோம் என்பதில் கோளாறு இருக்கிறது என்பதை, ஈரோடு மாவட்டத்தில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

நான் பணியாற்றிய கல்லூரியில் விடுதிக் கழிவை மக்கவைக்க உரக்குழி அமைத்தோம். அதற்குப் பொறுப்பேற்ற இறுதியாண்டு மாணவி ஒருவர், நாள்தோறும் காலை உணவு முடிந்ததும் தட்டில் மிஞ்சியதைத் தராசில் வைத்து எடைபோட்டு ஒரு நோட்டில் எழுதிவந்தார். இட்லி நாளைவிட உப்புமா நாளில் கழிவு ஏறக்குறைய இரட்டிப்பாவதை அந்த நோட்டைக் காட்டியே சமையல் மாஸ்டருக்குப் புரியவைத்து, உப்புமாவுக்குப் போடும் ரவையின் அளவைக் குறைக்கவும் செய்தார். ஏப்ரலில் தேர்வு முடிந்து அவர் போய்விட்டார். ஜூனில் நாங்கள் திரும்பியபோது குழி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சொட்டுநீரைத் திறந்துவிட ஆளில்லாமல் வேப்பங்கன்றுகள் கருகியிருந்தன. நோட்டு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

எனவே இரண்டாம் ஆண்டு மாணவர்களை டிசம்பரிலேயே தேர்ந்தெடுத்து, மூத்தவர்கள் போவதற்கு முன் ஒரு பருவமாவது அவர்களோடு கூட நின்று பழக விட வேண்டும். கோடை விடுமுறைக்கும் இரண்டு பேரை ஊதியம் கொடுத்து நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஊதியம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் பகுதிப் பிள்ளைகள் பலர் வார விடுமுறையில் பனியன் கம்பெனிகளில் செக்கிங், பேக்கிங் பார்த்துத்தான் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள். சம்பளமில்லாத பயிற்சிக்கு அவர்களால் வர முடியாது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டதையும், அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கு உதவாமல் போனதையும், 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு வருமானம் நின்றதையும் ஒருசேர அனுபவித்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். இந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்களை எங்கே தேடுவது?

நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் கல்வி நிறுவனங்கள் அதைத் தரம் பிரித்து, மக்கும் கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. ஆயிரம் பேர் சாப்பிடும் விடுதி அந்த எடையை எளிதில் தொட்டுவிடும். செய்தே ஆக வேண்டிய வேலைக்குக் கூலி கொடுக்க நிர்வாகங்கள் தயங்கக் கூடாது.

நேர்காணலில் மதிப்பெண்ணைக் கேட்பதைவிட, விண்ணப்பித்தவரை விடுதிக் குப்பைத் தொட்டிக்கு அழைத்துப்போய்த் தரம் பிரிக்கச் சொல்லலாம். பத்து நிமிடத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். வரும் டிசம்பரில் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாளில், மாத ஊதியம் எவ்வளவு என்பதையும் கல்லூரிகள் சேர்த்தே எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
பெருந்துறை.